இணையத் தொலைபேசியில் ஃபேக்ஸ்: பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

ஃபேக்ஸ் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு என்று நினைப்பவர்கள் மும்பை பல்லார்ட் எஸ்டேட் பக்கம் ஒருநாள் வந்து பார்க்கலாம். கஸ்டம்ஸ் கிளியரிங், கப்பல் ஏஜென்சி என்று அங்கே அலுவலகம் வைத்திருக்கும் நம் ஆட்களில் ஜப்பான்காரர்களோடு வியாபாரம் உள்ளவர்கள் மூலையில் ஒரு மெஷினை இன்னும் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் 2021-இல் அமைச்சர் டாரோ கோனோ அரசு அலுவலகங்களிலிருந்து ஃபேக்ஸை ஒழிக்கப் பார்த்தார், அமைச்சகங்களே எதிர்ப்பு தெரிவித்ததும் திட்டம் பின்வாங்கியது. அமெரிக்காவில் டாக்டர்களும் மருத்துவமனைகளும் நோயாளிகளின் காகிதங்களை இன்னமும் ஃபேக்ஸில்தான் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அவர்களுக்கு பில்லிங் வேலை செய்யும் நவி மும்பை கம்பெனிகளுக்கும் அதை விட வழியில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ் 2019 ஜனவரியிலிருந்து புது ஃபேக்ஸ் மெஷின் வாங்கவே கூடாது என்று தடை போட்டது, சரி, அது அவர்கள் பாடு. நம்முடைய எதிர்முனைக்காரர் விடாதவரை நாமும் விட முடியாது.

மெஷின் அப்படியே இருக்கிறது, அதன் பின்னால் இருந்த லைன்தான் மாறிவிட்டது. 1986-இல் டெல்லிக்கும் மும்பைக்கும் என்று தொடங்கிய அரசுத் தொலைபேசிக் கம்பெனி எம்.டி.என்.எல் காலத்துச் செம்புக் கம்பியில் ஓடிக்கொண்டிருந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றாக ஃபைபருக்கு வந்துவிட்டன. ஃபைபர்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியின் பின்னால் போன் என்று ஒரு துளை இருக்கும், பழைய போனைச் செருகினால் டயல் டோன் கேட்கும், பேசினால் கணீரென்று இருக்கும். லேண்ட்லைன் என்றே பில்லில் போட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது இணையத் தொலைபேசிதான். அதே துளையில் ஃபேக்ஸைச் செருகும்போதுதான் தெரிகிறது: பாதிப் பக்கத்தில் நின்றுவிடும், வெள்ளைப் பட்டை விழும், அல்லது கீச்சென்று கத்திவிட்டுப் பிழை என்று ஒரு சீட்டைத் துப்பும்.

உடனே எல்லாரும் ஓடுவது மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டுக்கு. ஏ.டி.ஏ கொடுங்கள், அதாவது சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டர், ஃபேக்ஸ் போகுமா என்று கேட்டால், டி.38 இருக்கிறது, தாராளமாகப் போகும் என்று கடைக்காரர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. டி.38 என்பது இணையத்தில் ஃபேக்ஸ் அனுப்புவதற்கான தரமுறை, அட்டைப் பெட்டியில் அது அச்சடித்துத்தான் இருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் ஒத்துப்போவது என்பது ஒரு பெட்டியின் குணமே கிடையாது. மெஷின், அடாப்டர், ரவுட்டர், லைன் தரும் கம்பெனி, அந்தக் கம்பெனி அழைப்பைக் கைமாற்றிவிடும் அடுத்த கம்பெனி, எதிர்முனை என்று எல்லாம் சேர்ந்துதான் ஒத்துப்போக வேண்டும், நடுவில் ஒன்று முரண்டு பிடித்தாலும் பக்கம் போகாது. அதனால் வாங்குகிற வரிசையே தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் லைன்காரரிடம் பேச்சு, அப்புறம் மெஷினின் செட்டிங், கடைசியில் பெட்டி.

ஏன் என்று புரிய, ஃபேக்ஸ் போடும் சத்தத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அனுப்பும் மெஷின் 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி கூவும், மூன்று நொடி சும்மா இருக்கும், மறுபடி கூவும். எடுக்கும் மெஷின் 2100 ஹெர்ட்ஸில் மூன்று நொடி வாக்கில் ஒரே சுருதியில் பதில் கொடுக்கும். அதன்பின் இரண்டும் நொடிக்கு 300 பிட் என்ற ஆமை வேகத்தில் பேரம் பேசும், என்னால் இவ்வளவு வேகம் முடியும், இந்தத் தாள் அளவு முடியும் என்று. பேரம் படிந்ததும் அனுப்புகிற மெஷின் ஒன்றரை நொடிக்கு வெறும் பூஜ்யங்களை அனுப்பி லைனைச் சோதித்துப் பார்க்கும். சுத்தமாக வந்து சேர்ந்தால் பக்கம் கிளம்பும், இல்லையென்றால் 14400-இலிருந்து 12000, 9600, 7200 என்று இறங்கி மறுபடி சோதனை. பக்கம் முடிந்ததும் வந்துவிட்டது என்று எதிர்முனை சொல்ல வேண்டும். டி.30 என்ற இந்த நடைமுறை முழுக்கவும் அறுபடாத, தாமதம் மாறாத ஒரு செம்புக் கம்பியை நம்பி எழுதப்பட்டது.

இணையத் தொலைபேசி என்ன செய்கிறது? சத்தத்தை 20 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கி, நொடிக்கு 50 பாக்கெட்டாக அனுப்புகிறது. ஒரு பாக்கெட் வழியில் தொலைந்தால் மனிதக் காதுக்குத் தெரியவே தெரியாது, முந்தின துண்டை நீட்டி ஒட்டுப்போட்டு அடாப்டர் சமாளித்துவிடும். ஆனால் 14400 வேகத்தில் ஓடும் ஃபேக்ஸுக்கு அந்த 20 மில்லி நொடி என்பது 288 பிட். ஃபேக்ஸ் பக்கத்தில் ஒரு வரி 1728 புள்ளி, அதைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள், ஆகவே 288 பிட் போனால் எழுத்தின் இடுப்பில் ஒரு கீற்றே காணாமல் போகும். ஒட்டுப்போட்ட சத்தம் மெஷினுக்குள் சத்தத்தைப் பிட்டுகளாக்கும் மோடத்துக்குக் குப்பை.

அதைவிட மோசம் குரலைச் சுருக்கும் கோடெக். ஜி.711 என்பது சுருக்காதது, நொடிக்கு 64 கிலோபிட், பாக்கெட்டுகளின் முகவரித் தலைப்புகளும் சேர்ந்தால் 80 வரை போகும். இந்தியாவில் அதில் ஏ-லா வகை, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா வகை. ஜி.729 அதையே 8 கிலோபிட்டுக்கு இறுக்கிவிடும், எப்படி என்றால் மனிதத் தொண்டை எழுப்பக்கூடிய ஒலிதான் வரும் என்று அனுமானித்து. ஃபேக்ஸுக்குத் தொண்டை கிடையாது. இதில் ஏமாற்று என்னவென்றால், அந்த 300 பிட் பேரம் சில சமயம் ஜி.729-இலும் தப்பிப் பிழைத்துவிடும், ஆரம்பச் சத்தமெல்லாம் சரியாகக் கேட்கும், பக்கம் தொடங்கும்போதுதான் குப்புற விழும். மெஷினில் கோளாறு என்று டெக்னீஷியனைக் கூப்பிட்டுத் தண்டமாகப் பணம் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

ஜி.711-இலேயே ஓட்டினாலும் இன்னொரு வில்லங்கம் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. இரு முனை அடாப்டர்களிலும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது, இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 400 நொடிக்கு ஒருமுறை 20 மில்லி நொடி கூடவோ குறையவோ செய்யும், அதாவது ஏழு நிமிடத்துக்குள் ஒரு சறுக்கல். ஒரு பக்கம், இரண்டு பக்கம் ஜோராகப் போகும், பதினைந்து பக்கக் கோப்பு மட்டும் நடுவில் எங்கோ முறியும். முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்திவைத்துச் சீராக்கும் ஜிட்டர் பஃபரைத் தானியங்கியாக விட்டால் அது நடுவழியில் தாமதத்தை மாற்றிவைத்து இதையே இன்னும் சீக்கிரம் செய்துவிடும். ஜி.711 வழிதான் என்றால் பஃபரை நிலையான அளவில் பூட்டுங்கள், மௌனத்தில் பாக்கெட்டை நிறுத்தும் வசதியை அணையுங்கள்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் மருந்தாக 1998-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு கொண்டுவந்ததுதான் டி.38. பழைய தந்தி ஆபீசில் கட்டுக்கடா சத்தத்தைப் பதிவு செய்து அடுத்த ஊருக்கு அனுப்பவில்லை, எழுத்தாக வாங்கிக்கொண்டு அங்கே மறுபடி தட்டினார்கள். டி.38 அதையேதான் செய்கிறது. மெஷினின் கீச்சொலியை அடாப்டர் அங்கேயே பிரித்துப் பிட்டுகளாக்கி அனுப்பும், எதிர்முனையில் இணையத்தையும் போன் லைனையும் இணைக்கும் கேட்வே அதை மறுபடி கீச்சொலியாக்கும். ஒவ்வொரு பாக்கெட்டோடும் முந்தின பாக்கெட்டின் பிரதியும் ஒட்டிப் போகும் என்பதால் ஒன்றிரண்டு தொலைந்தாலும் பாதகமில்லை. கடிகாரச் சறுக்கல் தொல்லையும் பெருமளவு ஒழிந்துவிடும்.

அப்படியானால் டி.38 பெட்டி வாங்கினால் முடிந்தது அல்லவா? இல்லை. அழைப்பு முதலில் சாதாரணக் குரல் அழைப்பாகத்தான் தொடங்கும். ஃபேக்ஸ் சத்தம் காதில் விழுந்ததும் ஒரு முனை, வா டி.38-க்கு மாறலாம் என்று, இணைய அழைப்புகளை ஏற்படுத்தும் நெறிமுறையான எஸ்ஐபி வழியாக ரீ-இன்வைட் என்ற மறு அழைப்பு அனுப்ப வேண்டும், மறுமுனை ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள கம்பெனிக்கு அது தெரியாது என்றால் 488 என்று மறுத்துவிடும், அதோடு அழைப்பையே வெட்டிவிடுகிற அடாப்டரும் உண்டு, சத்தமில்லாமல் ஜி.711-க்குத் திரும்புகிற நல்ல பிள்ளையும் உண்டு. ஃபைபர்காரரின் பெட்டியில் உள்ள போன் துளையென்றால் கேட்கவே வேண்டாம், உள்ளே எஸ்ஐபி கணக்கு பெரும்பாலும் பூட்டியிருக்கும், டி.38 இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கக்கூட முடியாது. அதற்குப் பின்னால் நீங்கள் எவ்வளவு நல்ல அடாப்டரை மாட்டினாலும் பயனில்லை.

ஆகவே லைன்காரரிடம் டி.38 உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், உண்டு என்றுதான் விற்பனைப் பிரிவில் சொல்வார்கள். டெக்னிக்கல் ஆளைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். போகிற அழைப்பு, வருகிற அழைப்பு இரண்டிலும் டி.38-க்கு மாறும் அந்த ரீ-இன்வைட்டை ஏற்கிறீர்களா? மறுத்தால் அழைப்பு அறுகிறதா, ஜி.711 ஏ-லாவில் தொடர்கிறதா? நான் அனுப்பப்போகும் நாட்டுக்கு உங்கள் ரூட் எது, அதில் நடுவில் ஜி.729 இருக்கிறதா? மூன்றாவதுதான் வெளிநாட்டு வியாபாரம் செய்பவருக்கு உயிர். சர்வதேச அழைப்புகளை அந்தந்த நேரத்தில் எது மலிவோ அந்த வழியில் தள்ளிவிடுவது இந்தத் தொழிலின் வாடிக்கை, மலிவான வழியில் குரல் நசுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நரிமன் பாயின்டுக்குப் போகிற ஃபேக்ஸ் ஒசாகாவுக்குப் போகாததற்கும், நேற்று போனது இன்று போகாததற்கும் இதுதான் வழக்கமான காரணம். ஃபேக்ஸுக்கென்று தனி ரூட் வைத்திருக்கும் கம்பெனி கிடைத்தால் நிமிடத்துக்குக் கொஞ்சம் காசு கூடினாலும் அதையே எடுங்கள் என்பேன். உரிமம் உள்ள கம்பெனியா என்றும் பாருங்கள். சாதாரண எண்களுக்கு இணையத் தொலைபேசியில் அழைக்க வழிசெய்து இங்கே 2018-இல் விதி திருத்தப்பட்டது உரிமம் பெற்றவர்களுக்காகத்தான். நண்பர் கொடுத்த அமெரிக்க எஸ்ஐபி கணக்கை இங்கே மாட்டி உள்ளூருக்கு ஓட்டுவதெல்லாம் வம்பு.

இப்போது மெஷின். கடந்த பதினைந்து இருபது வருடத்தில் வந்த மல்டி ஃபங்ஷன் மெஷின்களில் நிறைய சூப்பர் ஜி3, அதாவது 33600 வேகம். இங்கே அது வரமில்லை, சாபம். டி.38-இன் முதல் பதிப்பு 14400-க்கு மேல் அறியாது, 33600-க்குப் பிற்பாடு வந்த மூன்றாம் பதிப்பு வேண்டும், வழியில் எல்லாரிடமும் அது இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நல்ல கேட்வே சூப்பர் ஜி3-இன் ஆரம்பச் சங்கேதத்தை மறைத்து மெஷினைப் பழைய வேகத்துக்கு இறக்கிவிடும், அதை நம்பி இருப்பதைவிட மெஷினிலேயே இறக்கிவிடுவது நிம்மதி. பிரதர் மெஷின்களில் கம்பாட்டிபிலிட்டி என்ற மெனுவுக்குள் பேசிக் என்று ஒன்று இருக்கும், பக்கத்திலேயே விஓஐபிக்கு, அதாவது இணையத் தொலைபேசிக்கு, என்று போட்டிருப்பார்கள், அதைத் தேர்ந்தால் வேகம் 9600 ஆகும், பிழை திருத்தமும் அணைந்துவிடும். எச்.பி.யில் ஃபேக்ஸ் வேகம் என்ற இடத்தில் ஸ்லோ என்று வையுங்கள். பழைய பானாசானிக்கில் ஓவர்சீஸ் மோட் என்று இருக்கும், வெளிநாட்டு லைன் கரகரத்த காலத்துக்காக வைத்தது, இன்றைக்கும் உதவும்.

பிழை திருத்தம், அதாவது ஈ.சி.எம், அணைக்கலாமா என்பதில் ஆளுக்கொரு பேச்சு. ஈ.சி.எம் இருந்தால் பக்கத்தை 256 பைட் துண்டுகளாக்கி, கெட்டுப்போன துண்டை மறுபடி கேட்டு வாங்கும், லைன் மோசமாக இருந்தால் கேட்டுக் கேட்டே களைத்து அழைப்பை விட்டுவிடும். அணைத்தால் பக்கம் போய்விடும், நடுவில் சில வரிகள் சிதைந்திருக்கும். இணையத்தில் பாதிப்பேர் அணைத்துவிடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். கடிதம், அழைப்பிதழ் என்றால் சரி. கப்பல் சரக்குக்கான பில் ஆஃப் லேடிங், கன்டெய்னர் எண், மருந்து அளவு எழுதிய சீட்டு என்றால் நான் அணைக்க மாட்டேன். ஒரு கீற்று போய் 8 என்பது 3 ஆகத் தெரிந்தால் அந்த மெஷின் வெற்றி என்றுதான் ரிப்போர்ட் அடிக்கும். ஈ.சி.எம்-ஐ விட்டுவிட்டு வேகத்தை 9600-க்கு இறக்குவதுதான் பாதுகாப்பு, ஒரு பக்கத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதானே. பேசிக் மோடு வேகத்தை இறக்குவதோடு ஈ.சி.எம்-ஐயும் சேர்த்தே அணைக்கும் என்பதால் மாற்றுவதற்கு முன் மெனுவை ஒருமுறை படியுங்கள்.

இவ்வளவும் தெளிந்த பிறகுதான் பெட்டி. எஃப்.எக்ஸ்.எஸ், எஃப்.எக்ஸ்.ஓ என்று இரண்டு வகைத் துளை உண்டு, பார்க்க இரண்டும் ஒரே ஆர்.ஜே.11. டயல் டோன் தருவது எஃப்.எக்ஸ்.எஸ், மெஷினைச் செருக வேண்டியது அதில். எஃப்.எக்ஸ்.ஓ என்பது வெளி லைனை உள்ளே வாங்குவதற்கு. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி.802 என்றால் இரண்டும் எஃப்.எக்ஸ்.எஸ், எச்.டி.813 என்றால் ஒன்று அது, ஒன்று இது. லேமிங்டன் ரோட்டில் பழைய லிங்க்சிஸ் பி.ஏ.பி.2டி மலிவாகக் கிடைத்தால் ஆசைப்பட வேண்டாம், குரலுக்கு அருமையான பெட்டி, ஆனால் அதில் டி.38 கிடையாது, ஜி.711-இல்தான் ஓட்ட முடியும். செகண்ட் ஹேண்டில் இன்னொரு தொல்லை, ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி தன் சேவைக்கென்று பூட்டிய பெட்டிகள் அப்படியே இங்கே வந்து விலைபோகும். அட்மின் பாஸ்வேர்டு போட்டு செட்டிங் பக்கம் திறக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். புதிதாக வாங்குபவருக்கு கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி. வரிசை அல்லது சிஸ்கோ ஏ.டி.ஏ. 191, 192 போதும், இரண்டிலும் டி.38 உண்டு. சிம் போட்டு மேசையில் வைக்கும் ஜி.எஸ்.எம் லேண்ட்லைன் பெட்டியைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், மொபைல் கோடெக்கில் ஃபேக்ஸ் போகாது.

மாட்டியபின் கிராண்ட்ஸ்ட்ரீமில் அந்த போர்ட்டின் பக்கத்தைத் திறந்தால் ஃபேக்ஸ் மோட் என்ற இடத்தில் டி.38, பாஸ் த்ரூ (சத்தத்தை அப்படியே ஜி.711-இல் அனுப்புவது) என்று இரண்டு இருக்கும். லைன்காரர் டி.38 உறுதியாகச் சொன்னால் முதலாவது, சொல்லவில்லை என்றால் இரண்டாவதைப் போட்டு கோடெக் பட்டியல் முழுக்க ஏ-லா மட்டும் வையுங்கள், ஜி.729 பட்டியலில் கடைசி இடத்தில்கூட இருக்க வேண்டாம். கொஞ்சம் கீழே எஸ்எல்ஐசி என்று ஒரு வரி இருக்கும், யாரும் தொடமாட்டார்கள். வழக்கமாக அதில் அமெரிக்கா என்று இருக்கும், பட்டியலில் இந்தியா/நியூசிலாந்து என்று தனியாகவே உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். லைனின் மின் தடையோடு பொருந்தாவிட்டால் அனுப்பிய சத்தமே எதிரொலியாகத் திரும்பி வந்து மோடத்தைக் குழப்பும். ஒலி கெயினை 0-இல் விடுங்கள், சத்தமாக இருந்தால் நன்றாகப் போகும் என்று ஏற்றிவைத்தால் அலை நுனி வெட்டுப்பட்டு இன்னும் கெடும்.

ரவுட்டரில் எஸ்ஐபி ஏ.எல்.ஜி என்ற உதவாத உதவியை அணைக்க வேண்டும், டி.38-க்கு மாறும் நேரத்தில் முகவரியைத் திருத்துகிறேன் என்று அது கெடுத்துவைக்கும். அடாப்டருக்கு வைஃபை வேண்டாம், கேபிள்தான்.

சோதிக்கும்போது வெள்ளைத் தாளில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுப் போகிறது என்று சந்தோஷப்பட்டால் அது சோதனையே இல்லை. செய்தித்தாள் பக்கத்தின் நகல் மாதிரி அடர்த்தியான தாள், பத்துப் பக்கம், அலுவலகத்தில் எல்லாரும் இணையத்தில் இருக்கும் நேரம், அதுவும் நிஜமாக அனுப்ப வேண்டிய வெளிநாட்டு எண்ணுக்கு. அதே கம்பெனியின் இன்னொரு எண்ணுக்கு அனுப்பிப் பார்ப்பது வீண், அழைப்பு அவர்கள் வலையை விட்டு வெளியே போகவே போகாது. அப்புறம் மெஷின் அடிக்கும் ரிப்போர்ட்டில் வேகத்தைப் பாருங்கள், 9600 வைத்தும் 4800-இல் போயிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். லைன்காரர் எங்கள் பக்கம் எல்லாம் சரி என்றால் அந்த அழைப்பின் எஸ்ஐபி பதிவைக் கேளுங்கள். இமேஜ், யுடிபிடிஎல், டி38 என்ற மூன்று சொற்களும் ஒரே வரியில் இருந்து, அதற்குப் பதில் 200 என்று வந்திருந்தால் டி.38 நிஜமாகவே ஓடியிருக்கிறது. 488 வந்திருந்தால் சிக்கல் உங்கள் அடாப்டருக்கு அப்பால் இருக்கிறது, புதுப் பெட்டி வாங்கித் தீராது.

ஒரு நாளைக்கு நூறு பக்கம் ஓடுகிற இடமென்றால் இன்னொரு வகை அடாப்டரைப் பாருங்கள், மெஷினோடு எதிர்முனை போலவே தானே பேசிப் பக்கங்களை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு எச்.டி.டி.பி.எஸ் வழியாகக் கோப்பாகச் சேவைக்காரரிடம் சேர்க்கும் வகை. இதில் உங்கள் இணையத்தின் ஏற்ற இறக்கம் ஃபேக்ஸைத் தொடவே தொடாது, ஆனால் அந்தச் சேவைக்காரரோடு கட்டுண்டு கிடக்க வேண்டும், மாதக் கட்டணமும் உண்டு. மாதத்துக்கு இரண்டு மூன்று தாள்தான் என்றால் இதில் எதுவுமே வேண்டாம், பி.டி.எஃப்-ஐ மின்னஞ்சலில் அனுப்பினால் ஃபேக்ஸாக்கித் தரும் சேவை ஒன்று போதும். எதிர்முனைக்காரர்களிடம் பல வருடமாக இருக்கும் உங்கள் 022 எண்ணை அந்தச் சேவைக்கு மாற்றித் தருவார்களா என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அது உறுதியாகும்வரை பழைய இணைப்பைச் சரண்டர் செய்ய வேண்டாம்.